நாலு முடி நாற்று

6 ஜனவரி 2025, திங்கள்

பெருநகரிலிருந்து உத்திரமேரூர் வரும் பஸ் இன்றும் தாமதம். நான் நுழையும்போது பிரபா மேடம் விதைப் பண்ணைப் பாடத்தைத் தொடங்கியிருந்தார். சாப்பாட்டுக்கு விளைகிற நெல் வேறு, விதைக்கு விளைகிற நெல் வேறு. விதைக் கழனியில் வேறு ரகப் பயிர் நிற்கக் கூடாது. நின்றால் அதற்குக் கலவன் என்று பெயர். ஆயிரம் பயிருக்கு இரண்டு வரை பொறுப்பார்கள். அதற்கு மேல் போனால் விதைச்சான்று கிடைக்காது. விளைந்தது வெறும் நெல்லாகிவிடும்.

ஒரகடத்தில் செல்போன் கம்பெனியில் நான் பார்த்த வேலையும் ஏறக்குறைய இதுதான். பெல்ட்டில் வரும் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்தது என்று ஒருநாள் எங்கள் வரிசையையே ஒதுக்கினார்கள். பிறகுதான் உத்திரமேரூரில் இந்தச் சமுதாயக் கல்லூரி. வேளாண் உற்பத்தி, ஓராண்டு டிப்ளமா. வகுப்பில் பாதிப் பேர் உரக்கடை லைசென்சுக்காக வந்தவர்கள். மீதிப் பேருக்கு வீட்டில் நிலம் இருக்கிறது. இரண்டும் இல்லாதவள் நான் ஒருத்தி.

விதைக் கழனி போட இரண்டு பேர்தான் முன்வந்து, போன மாதமே விதைத்துவிட்டோம். நானும், உரக்கடைக்காரர் மகன் கார்த்திக்கும். அவன் சிரித்தான். "அக்கா, செல்போன்ல கண்ணுக்கே தெரியாத கோட்டைப் பார்த்தவங்க நீங்க. கலவன்லாம் உங்களுக்கு ஜுஜுபி."

9 ஜனவரி, வியாழன்

நாற்று நன்றாக எழும்பியிருக்கிறது. கோ 51. இலை நுனியில் மஞ்சள் இல்லை.

நிலம் தாண்டவராயன் ஐயாவுடையது. ஏரிக்குப் பின்னால், போர்வெல் தண்ணீர் பாய்கிற துண்டு. மேடம் கேட்டதால் கொடுத்தார். எங்கள் தெருவிலிருந்து நான் போய்க் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரா? இந்தக் கேள்வியை எழுதாமல் இருந்திருக்கலாம்.

அவர் சொன்னது இவ்வளவுதான்: "நெல்லு என்னுது, படிப்பு உன்னுது. சரியா?"

சரி என்றேன்.

15 ஜனவரி, புதன்

மாட்டுப் பொங்கல். சாயங்காலம் கொம்புக்கு வண்ணம் அடித்து, மாலை போட்டு அவிழ்த்துவிட்டதும் ஐயாவின் மாடுகள் நேராக என் நாற்றங்காலில் இறங்கின. நான் ஓடி வருவதற்குள் வடக்குப் பக்கம் முழுவதும் மேய்ந்துவிட்டன. கையில் இருந்த குச்சியை ஓங்கினேன்.

ஐயா வரப்பில் நின்றுகொண்டு கத்தினார். "ஏய், இன்னைக்கு மாட்ட அடிப்பியா நீ?"

குச்சியைக் கீழே போட்டேன். மாடுகள் தாமாகத்தான் ஏறிப் போயின.

18 ஜனவரி, சனி

மேடம் வந்து நாற்றங்காலைப் பார்த்தார். மிச்சமிருக்கிற நாற்றைக் குத்துக்கு இரண்டாக நட்டால் கழனிக்குப் போதும் என்கிறார். அம்மாவிடம் சொன்னேன்.

அம்மாவின் பெயர் அம்முலு. எங்கள் தெருப் பெண்களின் நடவு செட்டுக்கு அவள்தான் தலைவி. ஊரில் அதற்கு அம்முலு செட்டு என்றே பெயர். கார்த்திக்கின் கழனியில் இயந்திரம் நடப்போகிறது. என் கழனியில் அம்முலு செட்டுதான் நட வேண்டும் என்று மேடத்திடம் நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

"ரெண்டா? ஒண்ணு செத்துப்போச்சுனா?" என்றாள் அம்மா.

"ஒண்ணு இருக்கும்மா."

"ஒத்தையா நின்னா கழனி மாரியா இருக்கும், பொக்கை வாயாட்டம் இருக்கும்."

கூட இருந்த செட்டுப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

22 ஜனவரி, புதன்

நடவு.

விடிந்ததும் இறங்கினார்கள். நான் வரப்பிலிருந்து "ரெண்டு, ரெண்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் இரண்டு வைத்தார்கள். பிறகு பேச்சு வளர்ந்ததும் கை பழைய கணக்குக்கே போய்விட்டது. மூன்று, நான்கு. "சூப்பர்வைசர் அம்மா, வெயில்ல நிக்காதீங்க, கறுத்துடுவீங்க" என்று ஒருத்தி கத்தினாள். அம்மா அவளை அதட்டவில்லை. அவள் முகத்தில் பெருமை இருந்தது.

மதியம் கல்லூரிக்குப் போயே ஆக வேண்டும். விதைக் கம்பெனி ஏரியா மேனேஜர் சுகுமார் வந்திருந்தார். கள மேற்பார்வையாளர் வேலைக்கு எங்கள் கல்லூரியிலிருந்து ஒருவரை எடுப்பார்களாம். ஒரே ஒரு இடம். விவசாயிகளின் விதைக் கழனிகளைச் சுற்றிப் பார்க்க வேண்டும், நடவுக்கும் கலவன் எடுக்கவும் ஆட்களை ஏற்பாடு செய்ய வேண்டும். மாதச் சம்பளம், வண்டிக்கு பெட்ரோல். யாருடைய விதைக் கழனி சான்று வாங்குகிறதோ அவருக்கே முதல் இடம்.

"யார் யார் வீட்ல சொந்த நிலம் இருக்கு? கை தூக்குங்க" என்றார். என் கை மடியில் இருந்தது. அதை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

வெளியே வந்தபோது மேடம் தனியாகக் கூப்பிட்டார். "ரெண்டு கழனியும் தேறிச்சுன்னா உன் பேரத்தான் சொல்வேன், சுகிர்தா. கார்த்திக்குக் கடை இருக்கு. நீ தேறிடு, போதும்."

இருட்டுகிற நேரத்தில் கழனிக்கு வந்தேன். அம்மா வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் போய்விட்டார்கள். நாற்று பற்றாது என்று பயந்திருந்தேன். போதுமாக இருந்திருக்கிறது. கிழக்கு மூலை வரைக்கும் பச்சை.

"பாத்துக்கோ. இத்தினி வருஷத்துல அம்முலு செட்டு ஒரு மூலைய காலியா வுட்டு ஏறினது கெடையாது."

அவள் தோளில் கை போட்டேன். சேறு என் துப்பட்டாவில் ஒட்டியது. பரவாயில்லை.

9 பிப்ரவரி, ஞாயிறு

களை எடுத்தோம். கழனி ஓரத்தில் பலகை நட்டிருக்கிறார்கள். விதைப் பண்ணை, ரகம், உற்பத்தியாளர்: தாண்டவராயன். கீழே பயிற்சி மாணவி என்று என் பெயரை எழுதச் சொல்லியிருந்தார் மேடம். இல்லை. எழுதிய ஆளைக் கேட்டதற்கு, தன் பெயர் மட்டும் போதும் என்று ஐயா சொல்லிவிட்டார் என்றான்.

26 பிப்ரவரி, புதன்

குத்துகள் நன்றாகத் தூர் கட்டியிருக்கின்றன. அம்மாவின் நான்கு நாற்றும் என் இரண்டு நாற்றும் இப்போது ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

12 மார்ச், புதன்

கிழக்கு மூலையில் கதிர் எட்டிப் பார்க்கிறது. மற்ற இடத்தில் கதிர் இன்னும் மடலை விட்டு வெளியே வரவில்லை. ஏன் அங்கே மட்டும்?

தண்ணீர் தேங்கியதாலா? வெயில் அதிகமா? மேடத்துக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "நாளைக்கு வரேன், தொடாதே" என்று பதில்.

13 மார்ச், வியாழன்

மேடம் மூலையில் உட்கார்ந்து நிறைய நேரம் பார்த்தார். எழுந்தபோது முகம் சரியில்லை.

"இது கோ 51 இல்லை. வேற ரகம். குண்டு நெல் மாதிரி இருக்கு. நாற்றங்கால்ல கலந்துச்சா?"

இல்லை என்றேன். விதையை நானே விதைத்தேன். பை முத்திரையை நானே பிரித்தேன்.

அவர் போனபின் மூலையிலேயே நின்றுகொண்டிருந்தேன். பக்கத்துக் கழனி பாஞ்சாலியுடையது. குத்தகைக்குப் பயிர் வைக்கிறவள், அம்மாவுக்குக் கூட்டாளி. வரப்பு மேல் நடந்து வந்தாள்.

"இன்னா சுகிர்தா, என் நாத்து எப்டி கீது உன் கழனியில?"

"உன் நாத்தா?"

"ஆமா. அன்னைக்கி நாத்து பத்தலன்னு உங்கம்மா வந்து கேட்டா. நாலு முடி குடுத்தேன். இந்த மூலைக்கும், அங்கங்க வுட்டுப்போன எடத்துக்கும் போட்டாங்க. நாத்து கேட்டா இல்லன்னு சொல்றதா இன்னா?"

நாலு முடி, நாலு கட்டு நாற்று. பாஞ்சாலி நட்டிருப்பது குண்டு நெல்.

அவள் சிரித்துக்கொண்டேதான் போனாள். நான் மட்டும் அங்கேயே. 'அங்கங்க' என்றாளே. அந்த 'அங்கங்க' எங்கெங்கே?

அன்று நான் இங்கே இருந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். மூலை காலியாகவே இருக்கட்டும் என்று. நான் கல்லூரியில் உட்கார்ந்து கம்பெனி வேலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

14 மார்ச், வெள்ளி

அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தாள். "உன் கழனியில முந்தியே கதிரு வந்துட்ச்சாமே, பாஞ்சாலி சொன்னா. நல்லதுதான?" என்றாள்.

"நல்லதுதான்" என்றேன்.

அம்முலு நட்டதால் அம்முலு மகளின் கழனி போயிற்று என்று தெருவில் ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாது. நானே எடுத்துவிடலாம். யாருக்கும் தெரிய வேண்டாம்.

17 மார்ச், திங்கள்

மூலையில் கதிர் விட்டதையெல்லாம் பிடுங்கினேன். நடுவில் இருப்பவை தெரியவில்லை. இப்போது எல்லாமே பூக்கிறது. மணி பருக்கும்போதுதான் குண்டு தனியாகத் தெரியும்.

21 மார்ச், வெள்ளி

விதைச்சான்று அலுவலர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். கழனிக்குள் இறங்கிக் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். இடத்துக்கு இடம் நின்று எண்ணினார். கடைசியில் மேடத்தைப் பார்த்துத் தலையசைத்தார். இல்லை என்கிற அசைப்பு.

பிறகு என்னிடம், மரியாதையாகத்தான் சொன்னார். "அளவுக்கு மேல இருக்கும்மா. ஆனா எடுத்துடலாம். வேரோட பிடுங்கணும். கழனியை விட்டு வெளியே கொண்டுபோய்டணும். ரெண்டாம் தேதி திரும்ப வர்றேன். அன்னிக்கு சுத்தமா இருந்தா கையெழுத்து போட்டுடுவேன். அதுக்கப்புறம் இன்னொரு வாய்ப்பு கிடையாது."

கார்த்திக்கின் கழனியில் ஒரே ஒரு கலவன் இருந்ததாம். அதையும் அவரே பிடுங்கி அவன் கையில் கொடுத்தாராம்.

24 மார்ச், திங்கள்

குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. மணியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நீளமாக இருந்தால் நம்முடையது. உருண்டையாக இருந்தால் வெளியே.

26 மார்ச், புதன்

அம்மா கழனிக்கு வந்தாள். கையில் நாஷ்டா டப்பா. நான் பயிரைப் பிடுங்குவதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இன்னாடி பண்ணிக்கினு கீற? கதுரு புடிச்ச பயிர?"

"காலேஜ்ல எடுக்கச் சொன்னாங்கம்மா."

"கதுரோடவா?"

"ஆமா. கொஞ்சம் எடுக்கணும். அப்பதான் மத்ததுக்குக் காத்து கிடைக்கும்."

பொய். ஆனால் பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. அம்மா நம்பினாள். என்னைவிடப் படித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்று நம்பினாள். இருந்தாலும் பிடுங்கிப் போட்டிருந்ததில் ஒன்றை எடுத்து மணியை நசுக்கிப் பார்த்தாள். வெள்ளையாகப் பால் வந்தது. விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, டப்பாவை வரப்பில் வைத்துவிட்டுப் போனாள்.

29 மார்ச், சனி

பாதிதான் முடிந்திருக்கிறது. ஒரு தடவை பார்த்த வரிசையில் மறுபடி நடந்தால் இன்னும் இரண்டு தெரிகிறது. பெல்ட்டில் கண்ணாடி நம்மை நோக்கி வரும். இங்கே நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டும்.

30 மார்ச், ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. அம்மா கேட்கவும் இல்லை.

1 ஏப்ரல், செவ்வாய்

முடிந்தது. கடைசியாக ஒருமுறை எல்லா வரிசையிலும் நடந்தேன். ஒரு குண்டு மணிகூடக் கண்ணில் படவில்லை.

கழனியைப் பார்த்தால் அழகாக இல்லை. கிழக்கு மூலை மொட்டை. நடுவில் அங்கங்கே ஓட்டை. பரவாயில்லை. மேடம் வந்து பார்த்துத் தோளில் தட்டினார். "இப்படித்தான் இருக்கணும். ஓட்டை இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க. கலவன் இருந்தாத்தான் கேப்பாங்க."

நாலு நாளாகப் பிடுங்கியதைச் சுமந்துபோக நேரமில்லை. வரப்பில் போட்டால் காய்ந்து மணி கொட்டும். அடுத்த போகத்தில் முளைத்துத் தொலைக்கும். வேரோடு வாய்க்கால் தண்ணீரில் சாய்த்து வைத்துவிட்டு வந்தேன். காலையில் மேடத்தையும் அலுவலரையும் உத்திரமேரூரிலிருந்து அழைத்து வர வேண்டும். வந்த பிறகு அள்ளிப் போட்டுக்கொள்ளலாம்.

அம்மாவிடம் நாளைக்கு ஆபீசர் வருகிறார் என்று சொன்னேன். "எத்தினி மணிக்கு?" என்றாள். புதுப் புடவை ஒன்றை எடுத்துக் கொடியில் போட்டாள். எதற்கு என்று கேட்டதற்கு, "உன் கழனிய பாக்க வராங்கல்ல" என்றாள்.

2 ஏப்ரல், புதன்

எழுத வேண்டும். இன்றே எழுதிவிட வேண்டும்.

ஜீப்பிலிருந்து இறங்கினோம். நான், மேடம், அலுவலர். அம்மா வரப்பில் புதுப் புடவையோடு நின்றாள். புடவை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தது. முழங்கால் வரை சேறு.

கழனி முழுதாக இருந்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. தவறான கழனிக்கு வந்துவிட்டோம் என்றுகூட நினைத்தேன். கிழக்கு மூலையில் பயிர் நின்றது. நடுவில் இருந்த ஓட்டைகளில் பயிர் நின்றது. வாய்க்காலைப் பார்த்தேன். வாய்க்காலில் எதுவும் இல்லை.

அம்மா அலுவலரைப் பார்த்துக் கும்பிட்டாள். "வாங்க சார். நல்லா பாத்துக்குங்க. எங்கயும் காலி கெடையாது."

அவர் இறங்கினார். ஒரு பயிரைத் தொட்டார், மணியைப் பார்த்தார், பிடித்து இழுத்தார். பிடிமானமே இல்லாமல் கையோடு வந்தது. இன்னொன்றை இழுத்தார். அதுவும் வந்தது. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"இதை யார் நட்டது?"

"நான்தான் சார்" என்றாள் அம்மா. "குத்த ரெண்டா பிரிச்சு, விடியறதுக்குள்ள நட்டுட்டேன். இந்தப் பொண்ணு புடுங்கி வாய்க்கால்ல போட்டுட்ச்சு. வேர்ல உயிர் கீது. ஆபீசர் வர்ற நாள்ல கழனி பொத்தல் பொத்தலா இருந்தா நல்லாவா இருக்கும்? எம் பொண்ணுக்குத்தான அசிங்கம்."

அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். மேடம் திரும்பி ஏரிப் பக்கம் பார்த்தார்.

நான் சொன்னேன்: "சார், ஒரு மணி நேரம் குடுங்க. எல்லாத்தையும் எடுத்துடறேன்."

அவர் கையிலிருந்த பயிரை வரப்பில் மெதுவாக வைத்தார். குரலை உயர்த்தவில்லை. "எதை எடுத்தீங்க, எதை விட்டீங்கன்னு இனிமே எனக்கு எப்படிம்மா தெரியும்? பிடுங்கி நட்டதுல மணி கொட்டியிருக்கு. நான் கையெழுத்து போட்டா, நாளைக்கு வேற ஒரு விவசாயி கழனியில இது முளைக்கும்." ஜீப் பக்கம் திரும்பும்போது, "மன்னிச்சுக்கம்மா" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஜீப் போன பிறகு அம்மா கேட்டாள். "இன்னா சொல்லிட்டுப் போறாரு? நல்லா கீதுன்னாரா?"

3 ஏப்ரல், வியாழன்

"நான் இன்னா தப்புப் பண்ணேன், சொல்லு."

"ஒண்ணும் இல்லம்மா."

"அப்பறம் ஏன் மூஞ்சிய அப்டி வெச்சிக்கினு கீற?"

"தூக்கம் வருது."

16 ஏப்ரல், புதன்

அறுவடை. இயந்திரம் வந்தது. கோ 51, குண்டு எல்லாம் ஒன்றாகக் கலந்து விழுந்தது. தாண்டவராயன் ஐயா ஒரு கை அள்ளிப் பார்த்து, "எனக்கின்னா, நெல்லு நெல்லுதான்" என்றார். அவருக்கு எந்த நட்டமும் இல்லை. பலகையைப் பிடுங்கிக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டகையில் சாய்த்திருக்கிறார்.

20 ஏப்ரல், ஞாயிறு

ஈஸ்டர். கோயில் முடிந்து வெளியே வந்தபோது பாஞ்சாலியும் அம்மாவும் வேப்ப மரத்தடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். பாஞ்சாலி சர்ச்சுக்கு வருகிறவள் இல்லை. எங்கேயோ போகும் வழியில் நின்றிருக்கிறாள். அவர்கள் பேசும் விதத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

அம்மா எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தாள். உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டாள்.

"அன்னைக்கி நான் வாங்கின நாத்துதான் காரணமா?"

"யார் சொன்னது?"

"காலேஜ் மேடம் பாஞ்சாலிகிட்ட இன்னா ரகம்னு கேட்டாங்களாம். அப்ப சொல்லியிருக்காங்க. ஊருக்கே தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் காத்து வோணும்னு சொன்ன."

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதாம்மா..."

"எனக்கா?" குரல் எழும்பவில்லை. எழும்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் திரும்ப அத்த கையால தொட்டிருப்பேனா? மூலை காலியா இருந்தா இருக்கட்டும்னு வுட்டிருக்க மாட்டனா? கழனி பத்தி எங்கிட்ட பேசக்கூடாதுன்னு எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு?"



8 மே, வியாழன்

வேலை கார்த்திக்குக் கிடைத்தது. மேடம் போன் செய்து சொன்னார். சுகுமாரிடம் எனக்காகப் பேசிப் பார்த்தாராம். சொந்தக் கழனியையே காப்பாற்ற முடியாதவர் மற்றவர் கழனியை எப்படிப் பார்ப்பார் என்று கேட்டாராம். சொந்தக் கழனி!

கார்த்திக்கும் போன் செய்தான். "அக்கா, நான் கேட்டு வாங்கல." எனக்குத் தெரியும் என்றேன். தெரியும்.

29 மே, வியாழன்

டிப்ளமா வந்தது. முதல் வகுப்பு.

சொட்டுநீர்க் குழாய் கம்பெனியில் ஆள் கேட்டார்கள். சொந்த வண்டி வேண்டும், லைசென்ஸ் வேண்டும். வாலாஜாபாத்தில் ஒரு உரக்கடைக்குப் போனேன். முதலாளி சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூட்டை எறக்குவியாம்மா?" என்றார்.

14 ஜூன், சனி

அடுத்த போகம், சொர்ணவாரிப் பட்டத்து நடவு தொடங்கிவிட்டது. அம்முலு செட்டு இன்று தாண்டவராயன் ஐயா கழனிக்குப் போனது. அம்மா போகவில்லை. இடுப்பு வலி என்றாள். மாலையில் அவர்கள் திரும்பி வரும் சத்தம் கேட்டதும் எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

21 ஜூன், சனி

இன்றும் போகவில்லை. இப்போது செட்டை வேறு ஒருத்தி கூட்டிப் போகிறாள். ஆனாலும் ஊரில் அம்முலு செட்டு என்றுதான் சொல்கிறார்கள்.

11 ஜூலை, வெள்ளி

ஒரகடம் கம்பெனிக்கு மறுபடி எழுதிப் போட்டேன். பதில் இல்லை.

17 ஆகஸ்ட், ஞாயிறு

கார்த்திக் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். கம்பெனி சட்டை. உள்ளே வராமல் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு இறங்கினான்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. தென்னேரியில விதைக் கழனி நிறைய கீது. கலவன் எடுக்க ஆளே இல்ல. வர்றவங்களுக்குக் கண்ணு தெரியல. தினக்கூலிதான். வேன் அனுப்பறேன். உங்களுக்கு இஷ்டம்னா..."

"வர்றேன்" என்றேன்.

அம்மா உள்ளேயிருந்து கேட்டாள். "எத்தினி பேர் வோணும்?"

19 ஆகஸ்ட், செவ்வாய்

தென்னேரி. ஏரியின் பெரிய மதகுக்குக் கீழே கழனி. வேனில் எங்கள் தெருப் பெண்கள் ஆறேழு பேர். கார்த்திக் வரப்பில் நின்று எது கலவன் என்று காட்டினான். சரியாகத்தான் சொன்னான். வகுப்பில் நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரியே.

வரிசைக்கு ஒருவராக இறங்கினோம். அம்மா எனக்குப் பக்கத்து வரிசை. இந்தப் பக்கத்துக் கழனிகளில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறவள். குனிந்தாள். ஒரு பயிர் மேல் கையை வைத்தாள். பிடுங்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இத்த எடுக்கட்டா?"

பார்த்தேன். உருண்டை மணி. "எடும்மா."

இரண்டு அடி போனாள். மறுபடி கை நின்றது.

"இது?"

"அது நல்ல பயிர். வுட்டுடு."

விட்டாள். சாயங்காலம் வரை இப்படியேதான். ஒவ்வொரு பயிருக்கும் என்னைக் கேட்டாள். ஒருமுறைகூடத் தானாகப் பிடுங்கவில்லை. மற்ற பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

கழனியின் கோடியில் ஒரு மூலை காலியாகக் கிடந்தது. நட்டவர்களுக்கு நாற்று பற்றாமல் போயிருக்க வேண்டும். அம்மா அங்கே வந்ததும் நின்றாள். தண்ணீரைப் பார்த்தாள். சுற்றிக்கொண்டு வரப்பில் ஏறி, கால் கழுவாமல் வேனில் போய் உட்கார்ந்தாள்.